கொழும்பில் சிம்பொனிக் கச்சேரிப் பருவம்: யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் எவற்றைத் தெரிவு செய்யலாம்?

கேள்வி: நல்லூர் ரசிகர்

அனைவருக்கும் வணக்கம். நல்லூர், திருநெல்வேலி, கோண்டாவில் பகுதிகளைச் சேர்ந்த சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, கொழும்பிலுள்ள சிம்பொனி இசைக்குழு ஒன்றின் வரும் பருவத்துக் கச்சேரிகளில் இரண்டையாவது நேரில் சென்று கேட்பதென்று தீர்மானித்திருக்கிறோம். எங்களில் பெரும்பாலோர் சிறு வயதில் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றியவர்கள். கோயில் திருவிழாக்களில் விடியும்வரை நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவர்கள். ராகம், தாளம், சங்கதி என்றால் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரே மேடையில் ஐம்பது அறுபது பேர் அமர்ந்து வாசிக்கும் மேற்கத்தேய சாஸ்திரிய இசையை, திரைப்படப் பின்னணியில் கேட்டதற்கு அப்பால், முழுமையாகக் கேட்டுப் பழகியவர்கள் எங்களிடையே மிகச் சிலரே.

பருவத்தின் நிரலில் நான்கு கச்சேரிகள் உள்ளன. முதலாவதில் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’, மொஸார்ட்டின் 40ஆம் சிம்பொனி (சிம்பொனி என்பது முழு இசைக்குழுவுக்கென எழுதப்பட்ட, சில பகுதிகளாக அமைந்த நீண்ட படைப்பு). இரண்டாவதில் மெண்டல்சோனின் வயலின் கொன்சேர்ட்டோ, பீத்தோவனின் 5ஆம் சிம்பொனி. மூன்றாவதில் த்வோர்ஷாக்கின் 9ஆம் சிம்பொனி. மார்கழியில் நடைபெறும் நான்காவது, பாடகர் குழுவுடன், கிறிஸ்துவைப் பாடும் ஹாண்டலின் ‘மெசையா’. பயணம், தங்குமிடம், பிள்ளைகளின் பள்ளி நாட்கள் ஆகியவற்றைக் கருதினால் எங்களால் இரண்டுக்கு மேல் போக இயலாது. எந்த இரண்டைத் தெரிவு செய்யலாம், அதற்கு முன் எங்கள் காதுகளை எவ்வாறு பழக்கலாம் என்பதை விடயம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளும் எங்களுடன் வருவார்கள்.

மறுமொழி: மருதனார்மடம் வயலின் ஆசிரியை

வணக்கம் ஐயா. வயலின் கற்பிப்பவள் என்பதால் நான் இரண்டாவது கச்சேரியையே முதலில் சொல்வேன், அதற்குக் காரணமும் உண்டு. வயலின் மேற்கிலிருந்து நம்மிடம் வந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் அதைக் கற்று நமது இசைக்குப் பழக்கினார். தரையில் அமர்ந்து, வாத்தியத்தின் தலையைக் காலின்மேல் சாய்த்து, தந்திகளைச் சட்ஜமும் பஞ்சமமுமாகச் சுருதி சேர்த்து, கமகத்துக்கு (சுரத்தை அசைத்து நெளிப்பதற்கு) ஏற்றவாறு விரலை வழுக்கி வாசிக்கும் முறை நம்முடையதாகிவிட்டது. அதே வாத்தியம் தன் பிறந்த வீட்டில் எப்படிப் பேசுகிறது என்பதைக் கேட்க மெண்டல்சோனின் கொன்சேர்ட்டோவை விடப் பொருத்தமான படைப்பு எனக்குத் தெரியவில்லை.

கொன்சேர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியக்காரருக்கும் முழு இசைக்குழுவுக்கும் இடையே நிகழும் நீண்ட உரையாடல். மெண்டல்சோனுக்கு முந்தைய பல கொன்சேர்ட்டோக்களில் இசைக்குழு நீண்ட முகவுரை வாசித்து முடித்த பின்னரே தனி வயலின் நுழையும். இவரோ தந்திகளின் மெல்லிய அலைவு தொடங்கிய மறுகணமே வயலினை உள்ளே அழைத்துவிடுகிறார். 1844இல் எழுதி முடிக்கப்பட்ட இந்தப் படைப்பு, அடுத்த ஆண்டு லைப்சிக் நகரில் பெர்டினண்ட் டேவிட் என்ற வயலின் கலைஞரால் முதன்முதலில் வாசிக்கப்பட்டது. முதற் பகுதியின் நடுவில் இசைக்குழு முழுவதும் அடங்கி, வயலின் தனியே விரிவாக வாசிக்கும் இடம் ஒன்று வரும். அது நம்முடைய மனோதர்மம் (அந்நேரமே கற்பனையாய் விரித்து வாசிப்பது) போலத் தோன்றினாலும், ஒவ்வொரு சுரமும் மெண்டல்சோன் எழுதி வைத்ததே. அந்த இடத்தின் முடிவில் தனி வயலின் நான்கு தந்திகளிலும் வில்லைத் துள்ளவிட்டுக்கொண்டிருக்க, அதன் கீழாக இசைக்குழு முதல் மெட்டை மீண்டும் எடுக்கும். யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்பது அந்த ஒரு கணத்தில் தலைகீழாகிவிடுகிறது. உங்களோடு வரும் பிள்ளைகளில் வயலின் பயில்பவர் எவரேனும் இருந்தால் இவ்விடத்தைத் தவறாமல் காட்டிக் கொடுங்கள்.

முதற் பகுதி முடிந்தவுடன் பசூன் என்ற குழல் ஒரு சுரத்தை விடாமல் பிடித்து நிற்க, அதைப் பற்றிக்கொண்டு இரண்டாம் பகுதி பிறக்கும். இடையில் நிறுத்தமே இல்லை.

காதுகளைப் பழக்குவதற்கு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ராக அறிவிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. மேற்கத்தேயர் மேஜர் என்று சொல்வதன் சுரவரிசை நமது தீரசங்கராபரணத்துக்கு உரியது. மைனரின் ஒரு வடிவம் நடபைரவிக்கும், மற்றொரு வடிவம் கீரவாணிக்கும் பொருந்தும். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயப் பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்து இயற்றிய நோட்டுஸ்வரங்களை உங்களில் பலர் பாடியிருப்பீர்கள். அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. த்வோர்ஷாக்கின் சிம்பொனியில் இரண்டாம் பகுதியின் புகழ்பெற்ற மெட்டைக் கேட்டால், அதன் தொடக்கம் மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் நடப்பதை உணர்வீர்கள். இவ்வாறான தெரிந்த இடங்களைப் பற்றிக்கொண்டு உள்ளே போகலாம்.

மறுமொழி: வட்டுக்கோட்டையான் (இப்போது லண்டனில்)

ஆசிரியை அவர்கள் மெண்டல்சோனைப் பற்றி எழுதியவற்றை முழு மனதுடன் ஏற்கிறேன். ராகப் பெயர்களைக் கொண்டு உள்ளே நுழையலாம் என்ற கருத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம் உண்டு. இது சங்கராபரணம், இது கீரவாணி என்று பெயர் சூட்டத் தொடங்கிய காது, அடுத்துக் கமகத்தைத் தேடும். ராக பாவம் விரியும் என்று காத்திருக்கும். அங்கே அவை இல்லாமற் போகும்போது, இந்த இசை தட்டையாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடும். இவ்வாறு ஏமாந்து, பாதியில் ஆர்வம் குன்றிய நல்ல கர்நாடக இசை ரசிகர்களை நான் இங்கே கண்டிருக்கிறேன். மேற்கத்தேய இசையின் செல்வம் ஒற்றை மெட்டின் நெளிவில் இல்லை. ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல குரல்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவிலும், அந்த உறவு இறுகித் தளர்வதிலும், ஒரு சிறிய கருத்து நீண்ட நேரத்தில் உருமாறி வளர்வதிலும் அது இருக்கிறது.

பீத்தோவனின் 5ஆம் சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வருவது மூன்று குறிலும் ஒரு நெடிலும் கொண்ட நான்கு சுரங்கள். நமது முறையில் எழுதினால் ‘ப ப ப க’, அதைத் தொடர்ந்து ஒரு படி கீழே ‘ம ம ம ரி’. இதில் மெட்டென்று சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் முதற் பகுதி முழுவதையும் பீத்தோவன் ஏறக்குறைய இந்த நான்கு சுரங்களின் தாளத்தைக் கொண்டே கட்டியிருக்கிறார். வயலின்கள் சொல்ல, வியோலாக்கள் ஏற்றுச் சொல்ல, அடியில் செலோக்களும் டபிள் பேஸ்களும் மெல்ல அதையே முணுமுணுக்க, மென்மையான இரண்டாவது மெட்டு வரும்போதும் கீழே அந்த ‘தக தக’ விடாமல் துரத்திக்கொண்டே இருக்கும். ஆகவே மேலே ஒலிக்கும் மெட்டை மட்டும் கேளாமல், ஒருமுறை அடிக்குரலை மட்டும், இன்னொரு முறை குழல்களை மட்டும் என்று பின்தொடர்ந்து கேட்டுப் பழகுங்கள். கேட்கக் கேட்க மூன்று நான்கு அடுக்குகள் ஒருசேரக் காதில் விழத் தொடங்கும். அதுதான் இந்த இசைக்கு வேண்டிய பழக்கம்.

இந்தச் சிம்பொனியின் மூன்றாம் பகுதியிலிருந்து நான்காம் பகுதிக்குச் செல்லும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இசை முழுவதும் ஏறத்தாழ மௌனத்துக்கு அடங்கிவிடும். தந்திகள் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்க, திம்பனி என்ற பெரிய முரசு மட்டும் மிக மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் வயலின்கள் தயங்கித் தயங்கி ஏறி, ஒலி பெருகி, நிறுத்தமின்றி இசைக்குழு முழுவதும் மைனரை விட்டு மேஜருக்குள் பாயும். அதுவரை வாய் திறவாமல் மேடையில் அமர்ந்திருந்த டிராம்போன் என்ற பித்தளைக் குழல்கள் மூன்றும், பிக்கொலோ என்ற மிகச் சிறிய குழலும், மிக ஆழ்ந்த குரலுடைய கொன்ட்ராபசூனும் அங்கேதான் முதன்முறையாகச் சேர்கின்றன. டிராம்போன்காரர்கள் ஏன் இத்தனை நேரம் சும்மா இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், காத்திருக்கச் சொல்லுங்கள். ஒலிப்பதிவில் இந்த இடம் சிறப்பாகத்தான் இருக்கும், ஆனால் நேரில் கேட்கும்போது நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் காற்றை எந்த ஒலிபெருக்கியும் தருவதில்லை.

இது முதன்முதலில் அரங்கேறியது 1808 டிசம்பர் 22ஆம் திகதி, வியன்னாவில், கடுங்குளிரில், ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்த ஒரே கச்சேரியில். 6ஆம் சிம்பொனியும் 4ஆம் பியானோ கொன்சேர்ட்டோவும் அன்றைய மேடையில்தான் பொதுமக்களுக்கு முன் முதன்முதலாக ஒலித்தன. போதிய ஒத்திகையின்றி வாசிக்கப்பட்ட அந்த இரவில் கேட்டவர்கள் களைத்துப்போயிருப்பார்கள் என்பதில் வியப்பில்லை. உங்களுக்கோ அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நீளும் இந்தப் படைப்பை முன்கூட்டியே பலமுறை கேட்டுவிட்டுப் போகும் வாய்ப்பு இருக்கிறது.

மறுமொழி: மருதனார்மடம் வயலின் ஆசிரியை

வட்டுக்கோட்டை அன்பருக்கு நன்றி. ராகப் பெயரோடு நின்றுவிடக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் நமது இசையிலக்கணத்தில் இன்னொரு கருவி இருக்கிறது. அதைக் கொண்டு நீங்கள் சொல்லும் உறவுகளையும் ஓரளவுக்குப் பிடிக்கலாம். அது கிரகபேதம்.

நடபைரவியின் காந்தாரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு அதே சுரங்களைப் பாடினால் சங்கராபரணம் பிறக்கும் என்பதை மாணவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கிறார்கள். பீத்தோவன் 5ஆம் சிம்பொனியின் முதற் பகுதியில் செய்திருப்பதும் இந்தப் பயணமே. சி மைனரில் (சி சுரத்தைச் சட்ஜமாகக் கொண்ட மைனரில்) தொடங்கி, ஹோர்ன் வாத்தியங்களின் ஓர் அறைகூவலுடன், அதன் காந்தாரமாகிய ஈ பிளாட்டைப் புதிய ஆதார சட்ஜமாகக் கொண்டு மேஜருக்கு நகர்கிறார். இரண்டாவது மெட்டு அங்கேதான் மலர்கிறது. நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: நாம் கிரகபேதம் செய்யும்போது தம்புராவின் சட்ஜம் அசையாமல் நின்று, வந்த வழியை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது, அவர்களுடைய இசையிலோ தம்புராவே இடம்பெயர்ந்து விடுகிறது. பிறகு அது வீடு திரும்பும்போது, இதே இரண்டாவது மெட்டு இப்போது பழைய ஆதாரத்தின் மீது, ஆனால் மேஜராக ஒலிக்கும். சட்ஜம் பழையது, காந்தாரம் புதியது. எனினும் அந்த வெளிச்சம் நிலைக்காது. முதற் பகுதி மைனரிலேயே இறுக்கமாக முடிகிறது. நிலையான வெளிச்சத்துக்கு நான்காம் பகுதி வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைப் புரிந்துகொள்ள நமது பயிற்சி தடையாக இராது, துணையாகவே இருக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

மறுமொழி: சுண்டிக்குளி பாடகர் குழுவிலிருந்து

எல்லோரும் வாத்தியங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மார்கழிக் கச்சேரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது தெரிவு ‘மெசையா’வாக இருக்க வேண்டும் என்று அன்புடன் வற்புறுத்துவேன்.

நான்கு குரல்களில் பாடும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்து சேர்ந்த காலம் தொட்டு, தேவாலயங்களிலும் மிஷன் பள்ளிகளிலும் அந்தப் பழக்கம் வேரூன்றி வளர்ந்திருக்கிறது. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று பிரிந்து பாடும் பாடகர் குழுவினருக்கு, வட்டுக்கோட்டை அன்பர் சொன்ன பல குரல்களின் உறவு உடம்பாலேயே தெரியும். பக்கத்தில் நிற்பவர் வேறொரு சுரத்தைப் பாடும்போது தன் சுரத்தைக் கைவிடாமல் பிடித்து நிற்பதே முதற் பாடம்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ‘மெசையா’ எளிதாவது அதில் சொற்கள் இருப்பதால்தான். பாடல் ஆங்கிலத்தில் இருந்தாலும் வசனங்கள் யாவும் வேதாகமத்திலிருந்தும் பொதுச் செபநூலிலிருந்தும் தொகுக்கப்பட்டவை. ஆகவே வீட்டிலோ நூலகத்திலோ தமிழ் வேதாகமத்தை எடுத்து, தொடக்கத்துக்கு ஏசாயா 40ஆம் அதிகாரத்தையும், பிறப்பின் பாடலுக்கு ஏசாயா 9ஆம் அதிகாரத்தையும், மூன்றாம் பாகத்தின் முதற் பாடலுக்கு யோபு 19ஆம் அதிகாரத்தையும் வாசித்துவிட்டுப் போனால், எந்த இடத்தில் என்ன சொல்லப்படுகிறது என்பது விளங்கும். அதன் அமைப்பும் நம் சைவக் குடும்பங்களுக்கு அந்நியமாக இராது என்றே நினைக்கிறேன். கோயில்களில் கந்தபுராண படனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றவர் பயன் சொல்லி நின்று விரிப்பாரல்லவா. அதுபோல இங்கே ஒரு குரல் வசனத்தைப் பேச்சோசையில் சொல்லிச் செல்ல, அடுத்து வரும் தனிப்பாடல் அந்த ஒரே கருத்தில் நின்று திளைக்கும், பிறகு பாடகர் குழு முழுவதும் அதை ஏற்றுப் பாடும்.

ஹாண்டல் இதை 1741இல், மூன்றரை வாரத்துக்குள் எழுதி முடித்தார். 1742 ஏப்ரல் 13ஆம் திகதி டப்ளின் நகரில் நடந்த முதல் அரங்கேற்றத்தின் வருவாய், கடனுக்காகச் சிறைப்பட்டவர்களை மீட்பதற்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் கொடுக்கப்பட்டது. முழுப் படைப்பும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும். பல இடங்களில் மார்கழியில் முதற் பாகத்தையும் ‘அல்லேலூயா’ கோரஸையும் மட்டும் பாடுவதுண்டு. நீங்கள் போகும் கச்சேரியில் எது என்பதை நுழைவுச்சீட்டு வாங்குமுன் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ‘அல்லேலூயா’ தொடங்கும்போது மண்டபத்தில் பலர் எழுந்து நிற்பார்கள். அது நீண்டகால மரபு, நீங்களும் எழுந்து நிற்கலாம்.

மறுமொழி: வெள்ளவத்தை வாசி

கொழும்பில் இத்தகைய கச்சேரிகளுக்குப் போய்ப் பழகியவன் என்ற முறையில் நடைமுறை விடயங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அங்கே ஒலிவாங்கியோ ஒலிபெருக்கியோ இராது. நமது சபைக் கச்சேரிகளில் தம்புராவுக்கும் ஒலிவாங்கி வைத்துப் பழகிவிட்டதால், முதற் சில நிமிடங்களுக்கு ஒலி குறைவாக இருப்பதாகத் தோன்றும். காது விரைவில் அதற்கு இணங்கிவிடும். அதனால்தான் சபையில் முழு அமைதி வேண்டப்படுகிறது. தொடையில் தட்டித் தாளம் போடுவது, பக்கத்திலிருப்பவரிடம் ‘பேஷ்’ சொல்வது, மிட்டாய்த் தாளைப் பிரிப்பது யாவும் பல வரிசைகளுக்குக் கேட்கும். ஒரு படைப்பின் பகுதிகளுக்கு இடையே வரும் மௌனத்திலும் கைதட்டுவதில்லை. இசை நடத்துநர் கையைத் தாழ்த்தி நம் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தால் போதும். பீத்தோவன் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவருடைய 7ஆம் சிம்பொனி 1813இல் அரங்கேறியபோது இரண்டாம் பகுதியைச் சபையினர் மீண்டும் வாசிக்கச் செய்தார்கள். ஆனால் இன்றைய வழக்கம் இதுதான்.

நேரத்துக்கு முன் போய் அமருங்கள். தொடங்கிய பின் வருபவர்களை ஒரு படைப்பு முடியும்வரை வாசலில் நிறுத்திவைப்பார்கள். முன்னதாகப் போனால் சுருதி சேர்ப்பதையும் பார்க்கலாம்: ஓபோ என்ற குழல் ‘ஏ’ சுரத்தை, நொடிக்கு 440 அதிர்வுகள் என்ற அளவையொட்டி, நீட்டி ஊத, மற்ற வாத்தியங்கள் யாவும் அதனோடு இணையும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய காட்சி. கடைசியிலிருந்து சில வரிசைகள் தள்ளியோ மாடத்திலோ இடம் எடுங்கள். மேடையில் யார் எப்போது வாசிக்கிறார்கள் என்பது தெரியும், விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். மாலைக் கச்சேரி முடிந்து இரவுப் பேருந்தைப் பிடிப்பதென்றால் இடையில் நேரம் போதுமா என்பதைக் கணக்கிட்டுப் பதிவு செய்யுங்கள். கடைசிப் பகுதியில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் வந்த பயன் போய்விடும்.

விவால்டியை எவரும் பரிந்துரைக்கவில்லை என்பதையும் கவனித்தேன். நல்ல இசைதான். ஆயினும் அது சிறு தந்திக் குழுவுக்கு எழுதப்பட்டது. முழு இசைக்குழுவின் விரிவைக் கேட்க இவ்வளவு தூரம் வருபவர்கள் அதை வீட்டிலேயே ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்ளலாம்.

மறுமொழி: நல்லூர் ரசிகர்

இவ்வளவு பொறுமையோடு எழுதிய அனைவருக்கும் எங்கள் குடும்பங்களின் சார்பில் நன்றி. மெண்டல்சோன், பீத்தோவன் கச்சேரிக்கும் மார்கழியில் ‘மெசையா’வுக்கும் செல்வதென்று முடிவு செய்துவிட்டோம். த்வோர்ஷாக்கை விட்டுவிடுவது மனதுக்குக் கடினமாக இருக்கிறது. அதன் மோகனத்தையாவது ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்வோம். கிரகபேதம் பற்றிய விளக்கத்தை வாசித்தபின், எங்களில் ஒருவர் ஹார்மோனியத்தில் நடபைரவியை வாசித்து, காந்தாரத்தை ஆதாரமாக்கிக் காட்டினார், பிள்ளைகளுக்கும் விளங்கியது. ஒரேயொரு வேண்டுகோள். சுரக் குறிப்பைப் பார்த்துக்கொண்டு கேட்பது பயனளிக்குமா? அதை எங்கே பெறலாம்?

மறுமொழி: மருதனார்மடம் வயலின் ஆசிரியை

நிச்சயமாகப் பயனளிக்கும். மூன்று படைப்புகளும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால், இணையத்தில் ‘ஐஎம்எஸ்எல்பி’ என்ற நூலகத்தில் அவற்றின் முழுக் குறிப்புகளையும் இலவசமாகத் தரவிறக்கலாம். மேற்கத்தேயக் குறியீடு வாசிக்கத் தெரியாதவர்களும், மேலிருந்து கீழாகக் குழல்கள், பித்தளை வாத்தியங்கள், திம்பனி, தந்திகள் என்று வரிசை அமைந்திருப்பதை மட்டும் தெரிந்துகொண்டால், பக்கம் எப்போது நிறைகிறது, எப்போது வெறுமையாகிறது என்பதைப் பார்த்தே பின்தொடர முடியும். பீத்தோவனின் முதற் பகுதி ஏழெட்டு நிமிடமே என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் பகுதியிலிருந்து நான்காம் பகுதிக்குச் செல்லும் பக்கங்களைத் தனியே அச்செடுத்து, டிராம்போன்களின் வரிகளைப் பிள்ளைகளைக் கொண்டு நிறமிட்டுக் குறிக்கச் செய்யுங்கள். ‘மெசையா’வுக்கு நான்கு குரல்களையும் பியானோவையும் மட்டும் காட்டும் சுருக்கப் பதிப்பே போதுமானது.